எந்தக் கத்தி சீக்கிரம் நிற்கும்?

மெஷின் வாடகைக் கவுண்டரில் எனக்குப் பிறகு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் யார்டுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: “ஆன்டி, பிரஷ் கட்டர் மட்டும் நாலு மாதிரி வெச்சிருக்கோம். எந்தக் கஸ்டமருக்கு எதைக் குடுக்கிறதுன்னு எப்படித் தெரியும்? கேட்லாக்ல எல்லாத்தையும் பெஸ்ட்டுன்னுதான் போட்டிருக்கான்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோரி வந்து ஹாரன் அடித்தது. நீங்கள் எழுந்து ஓடினீர்கள். நானும் கிளம்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எத்தனை லிட்டர் எண்ணெய் பாய வேண்டும், எவ்வளவு தடிமனான மரத்தை வெட்டும் என்பதெல்லாம் கேட்லாக்கில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது வேறு.

வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கும் ஒன்றும் தெரியாது. பிரஷ் கட்டர் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரம் புல் வெட்டுகிறார்களே, அந்த மெஷின் என்றுதான் நினைத்தேன். ஸ்கிட் ஸ்டியர் லோடர் என்ற குட்டி லோடரின் முன்னால் வாளியைக் கழற்றிவிட்டு, கீழே கத்தி சுழலும் ஓர் இரும்புப் பெட்டியை மாட்டி, புதரையும் கன்று மரங்களையும் அப்படியே தின்றுகொண்டு போக முடியும் என்பதை யார்டின் பின்பக்கம் நின்று பார்த்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அரசாங்க உத்தியோகம். பெண்பிள்ளை கிள்ளானில் இரும்புக் கடையில் வேலை பார்க்கிறாள் என்றுதான் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. அந்த இரும்பு எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

வந்த மூன்றாவது மாதம் ஒரு தப்புச் செய்தேன். அம்பாங்கிலிருந்து ஒருவர் வந்தார். தோட்ட வேலை காண்டிராக்டர். மணிக்கட்டு தடிமனுள்ள மரமெல்லாம் நிற்கிறது, எது வெட்டும் என்று கேட்டார். நான் கேட்லாக்கைப் புரட்டிப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அவருடைய லோடர் சின்னது. கத்தியைச் சுழற்றுவது லோடர் தள்ளிவிடும் எண்ணெய்தான்; அந்தப் பெரிய கட்டருக்கு வேண்டிய அளவு அதில் பாயாது. கரண்ட் குறைந்த நேரத்துச் சீலிங் ஃபேன் மாதிரி கத்தி சுற்றியிருக்கிறது. இரண்டு நாள் வேலை போச்சு. மனிதர் சத்தம் போடவில்லை. தாளைக் கவுண்டரில் வைத்துவிட்டு, “அக்கா, என் மெஷின் என்னான்னு நீங்க கேக்கவே இல்லையே” என்றார்.

அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்றைக்கே ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். மெஷின் என்ன? நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது? சுற்றி யார் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்வி எதற்கென்றால், பிரஷ் கட்டர் கல்லைத் தூக்கி அடிக்கும். முன்பக்கம் திறந்த கட்டராக இருந்தால் தெருவைத் தாண்டியும் போகும். வீடோ பள்ளிக்கூடமோ பக்கத்தில் இருந்தால் முன்பக்கம் மூடிய கட்டரைத்தான் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், எத்தனையோ பேரிடம் அந்த மூன்று கேள்விகளையும் வாய்ப்பாடு மாதிரி கேட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒருநாள் காலை, கேட்டைத் திறந்த உடனேயே ஒருவர் மோட்டாரில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். பெயர் சேகர். சட்டையெல்லாம் கிழிந்து, இரண்டு கைகளிலும் நீளநீளமாக முள் கீறல். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, பெரிய பிரஷ் கட்டர் வேணும். இருக்கிறதிலேயே பெருசு. இப்பவே வேணும்.”

“மெஷின் உங்ககிட்ட இருக்கா?”

“இல்லக்கா. எல்லாமே வேணும். மெஷின், ஓட்டுறதுக்கு ஆளு, லோரி, எல்லாம்.”

“நிலத்துல என்ன முளைச்சிருக்கு?”

“செமாலுக்கா. ஆளு உயரத்துக்கு மேல. அங்கங்க அக்காசியா, கை தண்டிக்கு இருக்கும்.”

செமாலு என்றால் நம் தொட்டாச்சிணுங்கிதான். ஆனால் இது கால் விரலுக்கிடையில் முளைக்கும் சின்னச் செடி அல்ல. அதன் பெரிய தாயாதி. தண்டு முழுக்க முள்ளோடு, வீட்டுக் கூரை எட்டும் வரைக்கும் வளரும். அப்படியானால் பெரிய கட்டர்தான் சரி என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டே, பேனாவை எடுத்தபடி மூன்றாவது கேள்வியைக் கேட்டேன்.

“சுத்தி ஆளுங்க இருக்காங்களா? வீடு, ரோடு ஏதாச்சும்?”

 நிமிர்ந்து பார்த்தேன். கவுண்டரின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ளுக்கு ஆள் இருக்குக்கா.”

“உள்ளுக்கா?”

“என் மச்சினி. வைஃபோட தங்கச்சி, தேவி. நேத்து மத்தியானம் உள்ள போச்சு. இன்னும் வரல. அதுக்குக் காது கேக்காதுக்கா. பிறவியில இருந்தே. எவ்வளவு கத்தினாலும் அதுக்குத் தெரியாது.”

பேனா என் கையிலேயே இருந்தது. நான் எழுத ஆரம்பித்திருந்த தாளில் பெரிய கட்டரின் எண்ணைப் பாதி எழுதியிருந்தேன்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். காப்பாரில் அவர்கள் குடியிருக்கும் தாமான் வீடுகளுக்குப் பின்னால் பத்து ஏக்கர் காலி நிலம். யாரோ எதற்கோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்ட இடம். தேவி அதற்குள் தானே வெட்டிக்கொண்ட ஒற்றைத் தடம் வழியாகப் போய், கீரை மாதிரி சமைக்கப் பெரணிக் கொழுந்து பறித்து வருவாள். பாசாரில், அதுதான் சந்தையில், புச்சுக் பாக்கு என்று கட்டுக்கட்டாக விற்குமே, அதுதான். முந்தின நாள் அவள் போன கொஞ்ச நேரத்தில் பேய் மழை. தடம் மூடிப்போனது. மாலையிலிருந்து பொம்பா என்ற தீயணைப்புப் படைக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் பாராங்கத்தியால் வெட்டிக்கொண்டு போனார்கள். முள்ளுக்குள் நூறு அடி போவதற்குள் ஆள் ஓய்ந்துவிடுகிறான். காலையில் ட்ரோன் விட்டுப் பார்த்தார்கள். மேலிருந்து பச்சையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“மறுபடியும் மழை வருதுக்கா. கடல் பக்கம் பாருங்க. உள்ளுக்கு எங்கயோ பழைய காவா ஒன்னு ஓடுது. நேத்தே பாதி ரொம்பிருச்சு.”

முதலாளிக்குப் போன் செய்தேன். சீனர், பேச்சை வளர்க்க மாட்டார். “போ. பேப்பர் எல்லாம் அப்புறம்” என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று யார்டில் இருந்த ஒரே ஆபரேட்டர், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். நீங்கள் தினமும் பார்க்கும் ஆள்தான். இப்போது நரை விழுந்திருக்கிறது. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. என்னைவிட இருபது வயது இளையவர். நாள் முழுக்கச் சேர்த்தால் பத்து வார்த்தை பேசுவார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, “பெரிய கட்டர் ஏற்கெனவே லோடர்ல மாட்டித்தான் இருக்கு. அப்படியே லோரில ஏத்திரலாம். அக்காசியா இருக்காம், அதுதான் வெட்டும்” என்றேன்.

அவர் லோரிப் பக்கம் போகவில்லை. லோடரில் ஏறி ஸ்டார்ட் செய்து, கட்டரைத் தரைக்கு இறக்கி, கத்தியைச் சுழலவிட்டார். யார்டே அதிர்ந்தது. பிறகு லீவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து விரலை உயர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. எண்ணெய் நின்றுவிட்டது, ஆனால் கத்தி நிற்கவில்லை. அதன் எடையே அதைச் சுற்றவைத்துக்கொண்டிருந்தது. நான் எண்ண ஆரம்பித்த பிறகே பதினைந்து வரைக்கும் வந்துவிட்டது.

அவர் பெரியதைக் கழற்றிப் போட்டுவிட்டு யார்டின் மூலைக்குப் போனார். அங்கே ஒரு பழைய கட்டர் கிடந்தது. முன்பக்கம் மூடியது, அகலம் குறைவு. யாரும் வாடகைக்கு எடுக்காததால் ஆமை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அதை மாட்ட ஆரம்பித்தார்.

சேகர் வெறிபிடித்த மாதிரி ஓடி வந்தார். “என்னண்ணே செய்யிறீங்க? அங்க உயிர் போயிட்டிருக்கு, நீங்க இங்க மெஷினைக் கழட்டிக் கழட்டி விளையாடுறீங்க! இந்தச் சின்னது எப்போ வெட்டி முடிக்கும்?”

ஆபரேட்டர் ஆமையைச் சுழலவிட்டார். லீவரை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றுவிட்டது.

அவர் இறங்கி வந்து சேகரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. “அக்கா, எது நல்லா வெட்டும்னு பாக்காதீங்க. எது சீக்கிரம் நிக்கும்னு பாருங்க. உள்ளுக்கு ஆளு இருக்கு.”

இருபத்தெட்டு வருஷம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒவ்வொரு கட்டரும் எவ்வளவு தடிமன் வெட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எது எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்லாக்கில் அப்படி ஒரு கட்டமே இல்லை. எனக்குள் எழுந்தது பயமா, வெட்கமா, அந்த ஆள்மேல் மரியாதையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

லோரியில் நானும் ஏறிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது.

அந்த நிலத்துக்குப் போய் இறங்கினோம். கடைசி வரிசை வீடுகளின் பின்சுவரை ஒட்டி அது பச்சைச் சுவராக எழுந்து நின்றது. ஓரத்தில் ஒரு மின்கம்பம் இடுப்புவரை மூழ்கியிருந்தது. மனிதன் ஐந்தாறு வருஷம் திரும்பிப் பார்க்காவிட்டால் மண் இவ்வளவு செய்துவிடுமா என்று மலைத்துப்போனேன். அதற்கு முன்னால் நின்ற நம் லோடர், தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. மேற்கே வானம் கரியாக இருந்தது.

தேவியின் அக்காள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் செருப்பு ஒரு ஜோடி அவள் மடியில். முள்ளில் போவதற்குத் தேவி பூட்ஸ் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். செருப்பைத் தடத்தின் வாயில் விட்டிருக்கிறாள். அது ஒன்றுதான் அடையாளம்.

பொம்பா அதிகாரிக்கு மெஷின் பிடிக்கவில்லை. “ஆள் எங்கே கிடக்கிறாள் என்றே தெரியாத இடத்தில் கத்தியை விடுவதா?” என்று மலாயில் கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஆமையைக் காட்டி, நாலு எண்ணுவதற்குள் நிற்கும் என்று சொன்னேன். ஆபரேட்டர் தன் முறையைச் சொன்னார். முதலில் இரண்டு பேர் நீளக் கம்பால் குத்திப் பார்க்க வேண்டும். பிறகு மெஷின் தன் நீளத்துக்கு மட்டும் வெட்டும். உடனே நிறுத்தும். கத்தி நின்று, இன்ஜினும் நின்று, எல்லோரும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் அடுத்த நீளம்.

“ஒவ்வொரு தடவையும் இன்ஜினை நிறுத்துவாயா?” என்றார் அதிகாரி.

“ஒவ்வொரு தடவையும்.”

அதிகாரி வானத்தைப் பார்த்தார், புதரைப் பார்த்தார். “நான் கை தூக்கினால் நிற்க வேண்டும்” என்று சொல்லி ஒப்புக்கொண்டார்.

ஆபரேட்டர் தேவியின் அக்காளிடம் போய்க் குனிந்தார். “பெரணி எந்தப் பக்கம் முளைக்கும்னு தெரியுமாக்கா?”

“தெரியாது தம்பி. அது என்னை உள்ள கூட்டிட்டுப் போனதே இல்ல. ஆனா வரும்போது முழங்கால் வரைக்கும் சேறா வரும்.”

“அப்ப ஈரமான இடம். காவா பக்கம்தான்.” எழுந்து, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் கம்பால் குத்திவிட்டு விலகுவார்கள். மெஷின் உறுமிக்கொண்டு நுழையும். முள்ளும் தண்டும் பெட்டிக்கடியில் நொறுங்கும். பத்தடி. நிற்கும். நாலு எண்ணுவதற்குள் கத்தி அடங்கும். பிறகு இன்ஜின் அடங்கும். அந்த அமைதியில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். ஆபரேட்டர் மட்டும் காது கொடுக்க மாட்டார். இருக்கையிலிருந்து எழுந்து, கூண்டுக்கு வெளியே உடம்பை நீட்டி, கண்ணால் தேடுவார். அவர் தலை இடமிருந்து வலம் மெதுவாகத் திரும்பும். பிறகு மறுபடியும் வலமிருந்து இடம்.

ஏழெட்டு முறை அப்படி நடந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடல் பக்கம் இடி கேட்டது. சேகர் என் அருகில் வந்து, “பெரிய மெஷினா இருந்தா இந்நேரம் பாதி நிலம் முடிஞ்சிருக்கும்கா” என்றார். அழுதுகொண்டே சொன்னார். எனக்கும் அதேதான் தோன்றிக்கொண்டிருந்தது. ஆபரேட்டரிடம் போய்க் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லலாமா என்று இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அதற்குள் அடுத்த பத்தடி முடிந்து மெஷின் நின்றது.

கத்தி அடங்கியது. இன்ஜின் அடங்கியது. ஆபரேட்டர் எழுந்து பார்த்தார். தலை திரும்பிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

“அக்கா,” என்றார், குரலை உயர்த்தாமல். “அங்க பாருங்க. எலை மூடியிருக்கு.”

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த செடிகள் எல்லாம் இலையை மூடிக்கொண்டு நின்றன. தொட்டால் மூடும் ஜாதி அல்லவா? நாங்கள் உலுக்கியதில் மூடிவிட்டன. அதற்கு அப்பால் எல்லாம் இலையை விரித்தபடி அடர்ந்த பச்சை. ஆனால் அந்தப் பச்சைக்கு நடுவே, மெஷினிலிருந்து இருபதடிக்கு மேல் தள்ளி, இடது பக்கத்தில் ஒரே ஒரு புதர் மட்டும் இலை மூடிச் சாம்பல் நிறத்தில் நின்றது. காற்றில்லை. மழையும் இன்னும் வரவில்லை. நாங்கள் யாரும் அதன் பக்கமே போகவில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புதர் குலுங்கியது. நின்றது. மறுபடி குலுங்கியது.

யாரும் கத்தவில்லை. கத்தி என்ன பயன் என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரி கையைத் தூக்கினார்; ஆபரேட்டர் அதற்கு முன்பே சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நாலு பேர் பாராங்கத்தியோடு முள்ளுக்குள் தவழ்ந்து போனார்கள். கடைசி ஐந்தடியில் முன்னால் போனவர் திடீரென்று இடுப்புவரை மறைந்தார். அங்கேதான் காவா. சிமெண்ட் கரை, அதன்மேல் பெரணியும் கொடியும் பாய் விரித்த மாதிரி மூடியிருந்தது. இன்னும் இரண்டு நீளம் வெட்டியிருந்தால், மூன்று டன் மெஷின் அந்தக் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்திருக்கும். கம்பால் குத்தியவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. கம்பு மேலே இருக்கும் கொடியைத்தான் தொட்டிருக்கும்.

தேவி மார்பளவு தண்ணீரில் கரையில் சாய்ந்திருந்தாள். கணுக்கால் முறிந்திருந்தது. கரைமேலிருந்து தண்ணீருக்குத் தொங்கிய ஒரு செமாலுத் தண்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தனை முள்ளும் உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தது. ஒருவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாராம். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகும் அவள் உடனே விடவில்லையாம்.

ஸ்ட்ரெச்சரில் அவளை வெளியே கொண்டு வந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கதவை மூடும்போது மழை இறங்கியது. அரை மணி நேரத்தில் அந்தக் காவா வழிந்து தண்ணீர் நாங்கள் வெட்டிய பாதைக்குள்ளேயே ஏறி வந்தது. சேகர் அதையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றார். பிறகு ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். 

நாலு நாள் கழித்து நானும் ஆபரேட்டரும் மருத்துவமனைக்குப் போனோம். எதற்கு நான், நீங்க மட்டும் போங்க என்று அவர் தட்டிக்கழித்தார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். தேவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, கூர்மையான கண். இரண்டு கைகளிலும் துணிக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே. அந்த விரல் நுனிகளால்தான் பேசினாள். அக்காள் எங்களுக்குச் சொன்னாள்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. “மெஷின் வர்ற சத்தம் கேட்டிருக்காது. நாங்க வந்தது எப்படித் தெரியும்? எப்படிச் சரியா அந்த நேரத்துல செடியைப் புடிச்சு ஆட்டுச்சு?”

அக்காள் கையால் கேட்டாள். தேவி எங்கள் பக்கம் திரும்பினாள். பிறகு கட்டுப்போட்ட கையைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, உடம்பை நடுக்கிக் காட்டினாள். அக்காள் வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

“காவா சுவர் நடுங்குச்சாம். முதுகுல தெரிஞ்சிச்சாம். முதல்ல ரொம்பப் பயமாம். யாரோ நிலத்தை வெட்டுறாங்க, நம்ம மேல ஏத்திருவாங்கன்னு தலையைக் கையால மூடிக்கிட்டு அசையாம இருந்துச்சாம். கத்தினிச்சாம், ஆனா தன் சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு அதுக்குத் தெரியாதாம்.”

தேவியின் விரல்கள் நின்றன. பிறகு மெதுவாக அசைந்தன.

“அப்புறம் நடுக்கம் நின்னுச்சாம். மறுபடியும் வந்துச்சாம், மறுபடியும் நின்னுச்சாம். சும்மா நிலத்தை வெட்ட வந்த மெஷினா இருந்தா நிக்காது, வெட்டிக்கிட்டே போகும். இது நிக்குது, கொஞ்சம் பொறுக்குது, திரும்பவும் வருது. யாரோ நம்மளைத் தேடுறாங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சிச்சாம். அடுத்த தடவை நின்னதும் கைக்குக் கிடைச்சதைப் புடிச்சு ஆட்டுச்சாம்.”

ஆபரேட்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். தேவியும் பார்த்தாள். கட்டுப்போட்ட கையால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டி அவரைக் கூப்பிட்டாள். அவர் திரும்பியதும் ஒற்றை விரலை நெஞ்சில் வைத்து, பிறகு அவரை நோக்கி நீட்டினாள். அதற்கு அக்காள் அர்த்தம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர் நின்று நின்று பார்த்தது அவளைக் காயப்படுத்தாமல் இருப்பதற்காக. அவளுக்கு அது வேறொன்றைச் சொல்லியிருக்கிறது. பெரிய மெஷின் போயிருந்தால், நிற்காமல் போயிருந்தால், அவள் தலையை மூடிக்கொண்டு கடைசிவரை அசையாமலே இருந்திருப்பாள். அந்தக் காலையில் கவுண்டரில் நான் பாதி எழுதிவைத்த தாளை நினைத்துப் பாருங்கள். 

ஆகவே பிள்ளைகளே, கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். மெஷினைக் கேளுங்கள், புதரைக் கேளுங்கள், சுற்றி யார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள். பதில் வரும்வரைக்கும் அவர் முகத்தைப் பாருங்கள். வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆன ஓர் ஆள் உங்களிடம் வந்து வேறு மாதிரி சொன்னால், உங்கள் வருஷங்களை எண்ணிக்காட்டாதீர்கள். யார்டுக்கு ஒரு தடவை அவரோடு நடந்துபோய்ப் பாருங்கள்.

அன்று மருத்துவமனையிலிருந்து ஆபரேட்டர் என்னைக் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். அத்தனை வருஷமும் ப்ரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்வந்த அதே ரயில்தான். கூட்டம் இல்லை. உட்கார்ந்ததும் என்னவோ தோன்றிச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். காதையும் கையால் பொத்திக்கொண்டேன். எதிரில் இருந்த மலாய் அம்மாள் என்னைப் பார்த்திருப்பார், பார்க்கட்டும். ரயில் கிளம்புவது உள்ளங்காலில் தெரிந்தது. வளைவு தெரிந்தது. பாலத்தின் மேல் ஓடுவது தனியாகத் தெரிந்தது. வேகம் குறைந்து, அதிர்வு மெல்ல மெல்ல இளகி, அடங்கி நின்றது. கதவு திறந்து யாரோ ஏறும் காலடிகூட எனக்கு வந்து சேர்ந்தது. இத்தனை நாளும் என் காலுக்குக் கீழே இவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது. நான் கண்ணைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போகும்வரைக்கும்.